தளக்கற்களில் படியும் கறை: தடுப்பும் பராமரிப்பும்

பொதுப் பணத்தில் உருவாக்கப்படும் சொத்துகளுள் நடைபாதையும் முற்றமும் மக்கள் நாள்தோறும் பயன்படுத்துபவை. ஆயினும் பராமரிப்பு பற்றிய ஆய்வுகளில் அவற்றுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிதே. கடந்த சில பத்தாண்டுகளில் நம் நாட்டின் நகரங்களிலும் ஊராட்சிகளிலும் 'பேவர் பிளாக்' என வழங்கும் கான்கிரீட் தளக்கற்கள் பெருமளவில் பதிக்கப்பட்டுள்ளன. பேருந்து நிலையங்கள், இரயில் நிலைய முகப்புகள், சந்தைத் திடல்கள், பள்ளி வளாகங்கள், மருத்துவமனை முற்றங்கள், சிற்றூர்த் தெருக்கள் என அவை இல்லாத இடம் அரிது. 2015 ஜூன் 25 அன்று தொடங்கி 2025 மார்ச் 31 அன்று முடிவுற்ற பொலிவுறு நகரங்கள் இயக்கத்திலும் நடப்பதற்கு ஏற்ற வீதிகளை அமைப்பது முக்கிய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

இத்தளங்கள் திறந்து வைக்கப்படும் நாளில் கண்ணுக்கு இனியவையாகத் தோன்றுகின்றன. ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சில இடங்களில் வெண்மையான படலம், சில இடங்களில் வெற்றிலைச் சாற்றின் சிவப்பு, சில இடங்களில் எண்ணெய்க் கறுப்பு, நிழல் விழும் மூலைகளில் பச்சைப் பாசி எனப் பலவாறாகக் கறை படிந்திருப்பதைக் காணலாம். அப்போது அலுவலகங்கள் பொதுவாக மேற்கொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, கறையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது. மற்றொன்று, அமிலத்தை ஊற்றித் தேய்க்கச் செய்வது. இவ்விரண்டும் பொதுச் சொத்துக்குக் கேடு விளைவிப்பவையே.

கறையை எதைக் கொண்டு நீக்குவது என்னும் வினாவுக்கு முன்பாக, அது எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு விடை காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். கறைகள் தோன்றும் இடத்தை வைத்து அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். கல்லின் உள்ளிருந்து வெளிப்படுபவை, தரையின் கீழிருந்து ஏறி வருபவை, மேலிருந்து விழுபவை என்பன அம்மூன்று. முதலாவது உற்பத்தியாளரின் பொறுப்பு. இரண்டாவது வடிவமைத்துப் பதித்தவரின் பொறுப்பு. மூன்றாவது பயன்படுத்துவோரும் நிர்வகிப்போரும் ஏற்க வேண்டிய பொறுப்பு. இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லாக் கறைக்கும் ஒரே மருந்திடும்போது, பிறர் செய்த குறையின் சுமை தூய்மைப் பணியாளரின் தலையில் வந்து விழுகிறது.

தளக்கல்லின் இயல்பு

சிமென்ட், மணல், சிறு ஜல்லி, நீர், வேண்டுமாயின் நிறமி ஆகியவற்றைக் கலந்து, அச்சில் இட்டு, அதிர்வும் அழுத்தமும் கொடுத்துத் தளக்கல் தயாரிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், செங்கல் போதாத நிலையில், நெதர்லாந்து நாட்டில் இக்கற்கள் பெருமளவில் வழக்கத்துக்கு வந்தன. நம் நாட்டில் இவற்றுக்கான தர வரையறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15658 என்ற எண்ணில் 2006-ஆம் ஆண்டு வெளியிட்டு, 2021-ஆம் ஆண்டில் திருத்தியது. பதிக்கும் முறை பற்றிய வழிகாட்டி நெறிகளை இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2004-ஆம் ஆண்டில் எஸ்.பி. 63 என்ற வெளியீடாகத் தந்து, 2018-ஆம் ஆண்டில் புதுப்பித்தது.

கறை பற்றி அறிய விரும்புவோர் கான்கிரீட்டின் இரு பண்புகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, அது நுண்துளைகள் நிறைந்த பொருள். பஞ்சு போல் வெளிப்படையாகத் தோன்றாவிடினும், நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும் நுண்குழல்கள் அதனுள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தர வரையறைப்படி, கற்கள் உறிஞ்சும் நீர் சராசரியாக எடையில் 6 சதவீதத்தையும், தனிக் கல்லில் 7 சதவீதத்தையும் மிகலாகாது. வலிமையைக் குறிக்கும் எம்-30, எம்-40 போன்ற எண்களை ஒப்பந்தப்புள்ளியில் மறவாமல் எழுதும் அலுவலர்கள், நீர் உறிஞ்சும் அளவைச் சோதிக்கத் தவறிவிடுவது உண்டு. கறையைப் பொறுத்தவரை வலிமை எண்ணைவிட இந்த எண்ணே முக்கியமானது.

இரண்டாவது, கான்கிரீட் காரத்தன்மை உடையது. சிமென்ட் நீருடன் வினைபுரிந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. எனவே அமிலம் எதுவாயினும் கறையோடு நின்றுவிடாமல் கல்லையும் கரைக்கும். எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் இவ்வினை மெதுவாக நிகழவே செய்கிறது.

உள்ளிருந்து வெளிப்படும் கறை

புதிய தளங்களில் காணப்படும் வெண்படலத்தை 'உப்புப் பூத்தல்' என்று நம் கொத்தனார்கள் கூறுவர். கல்லின் நுண்துளைகளில் தங்கும் நீரில் சுண்ணாம்பு சிறிதளவு கரைகிறது. நீர் மேற்பரப்பை அடைந்து ஆவியாகும்போது, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. இதுவே நாம் காணும் வெண்படலம். குளிர்ந்த, ஈரமான பருவத்தில் நீர் மெதுவாக ஆவியாவதால், மழைக்காலத்தின் முடிவிலும் குளிர்காலத்திலும் பதிக்கப்பட்ட கற்களில் இது மிகுதியாகத் தோன்றுகிறது.

இது கல்லின் வலிமையைக் குறைப்பதில்லை. கரியமில வாயு கலந்த மழை நீர், கார்பனேட்டை நீரில் கரையும் பைகார்பனேட்டாகச் சிறிது சிறிதாக மாற்றிக் கழுவிச் செல்வதால், பெரும்பாலான தளங்களில் இப்படலம் காலப்போக்கில் தானே மறைகிறது. ஆகவே இக்கறைக்குப் பொறுமையே முதல் மருந்து எனலாம். திறப்பு விழாவுக்கு முன் தளம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற அவசரத்தில் அமிலம் ஊற்றுவோர், தானே நீங்கவிருந்த குறையை நீக்கப் புகுந்து, நீங்காத குறை ஒன்றை உண்டாக்கிவிடுகின்றனர்.

இதனைத் தடுக்கும் வழி தொழிற்சாலையில் உள்ளது. அனல் மின் நிலையங்களில் கிடைக்கும் நிலக்கரிச் சாம்பலையோ, இரும்பு உலைக் கசட்டுத் தூளையோ சிமென்டின் ஒரு பகுதிக்கு ஈடாகச் சேர்க்கும்போது, சாம்பலிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து உறுதியான பிணைப்புப் பொருளாக மாறுகிறது. வெளியே வந்து பூப்பதற்கு எஞ்சும் சுண்ணாம்பு குறைகிறது. அனல் மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்துவது பற்றி மத்திய அரசு 1999-ஆம் ஆண்டிலும் 2021 டிசம்பர் 31 அன்றும் அறிவிக்கைகள் வெளியிட்டுள்ளது. சுற்றுச்சூழல் நோக்கில் எழுந்த இக்கொள்கை தளத்தின் தூய்மைக்கும் துணை செய்வது குறிப்பிடத்தக்கது.

இவ்வகைச் சிமென்ட் மெதுவாக இறுகுவதால், கற்களை ஈரம் காயாமல் பதப்படுத்தும் காலத்தைச் சுருக்கலாகாது. பதப்படுத்திய கற்களை ஈரத்தோடு அடுக்கி, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி வைத்தாலும் உப்புப் பூக்கும். வைக்கோல் பரப்பி அடுக்கினால் அதன் சாயமும், இரும்புப் பட்டையால் கட்டினால் துருவும் கல்லில் இறங்கும். பதிக்கும் முன்பே கறைபட்ட கற்கள் பணியிடத்துக்கு வருவதற்கு இவையும் காரணங்கள்.

கீழிருந்து ஏறும் கறை

கல் நன்றாக இருந்தும் தரை சரியாக இல்லாவிடில் கறை கீழிருந்து வரும். குஜராத், இராஜஸ்தான் மாநிலங்களின் உவர் நிலப் பகுதிகளில் மண்ணிலுள்ள உப்புகள் ஈரத்துடன் மேலேறி, வெயிலில் நீர் ஆவியானதும் கல்லின் மேல் படிகின்றன. கடல் மணலை அடிமணலாகப் பரப்பினாலும் இதே விளைவு நேரும். இவ்வுப்பு ஒவ்வொரு வறண்ட பருவத்திலும் மீண்டும் மீண்டும் பூக்கும். நுண்துளைகளுக்குள் உப்புப் படிகங்கள் வளர்வதால் கல்லின் மேற்பரப்பு பொரிந்து உதிரவும் கூடும்.

கல்லின் சுண்ணாம்பையும் தரையின் உப்பையும் வேறுபடுத்தி அறிய எளிய சோதனை உண்டு. வெண்பொருளைச் சிறிது சுரண்டி நீரில் இட வேண்டும். முற்றிலும் கரைந்தால் அது பெரும்பாலும் தரையிலிருந்து வந்த உப்பு. கரையாமல் நின்று, எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்புக் கார்பனேட். இச்சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. அதன் விடையோ பெருஞ்செலவைத் தவிர்க்கும். சுண்ணாம்பு என்றால் காத்திருக்கலாம். உப்பு என்றால் நீர் வடிகாலைச் சீர்செய்யாத வரை எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை.

மேற்குக் கடற்கரையில் இரும்பு ஆக்சைடு மிகுந்த செம்புரை மண் மழையில் தெறித்து வெளிர்நிறக் கற்களைச் செம்மையாக்குகிறது. அசாம், மேற்கு வங்கம், பீகார் மாநிலங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் இரும்பு மிகுதி. அந்நீர் கைப்பம்புகளைச் சுற்றியுள்ள தளத்திலும், தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் இடங்களிலும் காவி நிறக் கறையை விட்டுச் செல்கிறது. மழை மிகுந்த கேரளத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் பாசியே முதன்மையான சிக்கல். கறைக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே ஆணை பிறப்பிக்க முடியாது என்பதற்கு இந்த வேறுபாடுகளே சான்று.

மேலிருந்து விழும் கறை

பொது இடங்களில் மிகப் பரவலானது வெற்றிலை பாக்கு, பான் மசாலா ஆகியவற்றால் உண்டாகும் சிவப்புக் கறை. பாக்கிலும் காசுக்கட்டியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்து சிவக்கின்றன. கான்கிரீட்டும் காரத்தன்மை உடையதாகையால் அச்சிவப்பு அங்கே எளிதில் நிலைபெறுகிறது. துப்பப்படும் சாறு கான்கிரீட்டுக்கு மட்டுமன்றி உலோகத்துக்கும் பகை. 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தில், தூண்களின் அடியைக் காக்கும் எஃகு உறைகள் பான் எச்சிலால் அரிக்கப்பட்டதால், 2013-ஆம் ஆண்டில் அவற்றுக்குக் கண்ணாடியிழைக் கவசம் பொருத்த வேண்டியதாயிற்று.

அடுத்தது எண்ணெய். வாகனம் நிறுத்தும் இடங்களில் இயந்திர எண்ணெயும், உணவு வண்டிகள் நிற்கும் இடங்களில் சமையல் எண்ணெயும் சிந்துகின்றன. தெரு வியாபாரிகளை அப்புறப்படுத்துவதே இதற்குத் தீர்வு எனச் சிலர் எண்ணுவர். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களது வாழ்வாதாரத்துக்குப் பாதுகாப்பு அளித்து, விற்பனை மண்டலங்களை வரையறுக்க வழி செய்துள்ளது. உணவு வண்டிகளுக்கென வரையறுக்கும் இடத்தில் அடர்நிறக் கற்களைப் பதித்து, எண்ணெய்க் கழிவைச் சேர்க்க ஒரு கலனும் வைத்தால் சிக்கல் பெருமளவு தீரும். பயன்பாடு இன்னதெனத் தெரிந்த இடத்தில் அதற்கேற்பத் தளத்தை அமைப்பது திட்டமிடுவோரின் கடமை.

நாவல் மரத்தின் அடியில் பழச்சாறும், பிற மரங்களின் அடியில் உதிரும் இலையின் துவர்ப்புச் சாயமும் படியும். இவை பெரும்பாலும் வெயிலாலும் மழையாலும் வெளுத்துவிடும். அன்றாடம் பெருக்குவதே போதுமானது. நிழலைத் தரும் மரத்தைக் கறைக்காக வெட்டுவது நட்டக் கணக்கு.

பாசி படிந்த தளம் பார்வைக்குக் குறை என்பதோடு நில்லாமல் உயிருக்கும் ஆபத்து. முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அக்குடும்பம் தாங்கும் செலவு எந்தப் பராமரிப்பு மதிப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை. பார்வைக் குறைபாடு உடையோருக்கு வழிகாட்டும் மேடு பள்ளமுள்ள மஞ்சள் கற்களின் நிலையும் கருதத்தக்கது. ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாக்கே 1965-ஆம் ஆண்டில் உருவாக்கிய இக்கற்கள், 1967-ஆம் ஆண்டில் ஒக்காயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. பார்வை முற்றும் இழந்தோர் மேடு பள்ளத்தைக் காலாலும் கோலாலும் உணர்கின்றனர். பார்வை மங்கியோர் மஞ்சள் நிறத்தின் வேறுபாட்டைக் கண்டு நடக்கின்றனர். கறையும் அழுக்கும் மூடி மஞ்சள் நிறம் மறைந்தால் அவர்களுக்கு அப்பாதை இல்லாததற்குச் சமம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்தும் தடையற்ற அணுகல், கற்களைப் பதித்துவிடுவதோடு நிறைவுறுவதில்லை.

தடுப்பு முறைகள்

கறையைத் தடுக்கும் முயற்சி மதிப்பீடு தயாரிக்கும் மேசையில் தொடங்க வேண்டும். கீழ்க்கண்டவை சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை.

1. ஒப்பந்தப்புள்ளியில் வலிமையோடு நீர் உறிஞ்சும் அளவையும் குறிப்பிட்டு, வந்து சேரும் கற்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்த பின்னரே அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும்.

2. தளத்துக்குப் போதிய சரிவு வேண்டும். 50-க்கு 1 என்னும் அளவில் சரிவு கொடுத்தால் நீர் தேங்காது. நீர் தேங்காத இடத்தில் பாசியும் உப்பும் பெரும்பாலும் தோன்றா.

3. அடிமணல் உப்பற்றதாக இருக்க வேண்டும். அதனை 20 முதல் 40 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, கற்களுக்கு இடையிலுள்ள 2 முதல் 4 மி.மீ. இடைவெளியை நுண்மணலால் முழுமையாக நிரப்ப வேண்டும். ஓரக்கற்கள் உறுதியாக இருத்தல் வேண்டும்.

4. நிறக் கற்களுக்கு இரும்பு ஆக்சைடு போன்ற கனிம நிறமிகளே ஏற்றவை. வெயிலில் வெளிறிய நிறத்தையும் மக்கள் கறை என்றே கருதுவர்.

5. பதிக்கும் கற்களில் ஒரு சிறு பகுதியை, அதே தொகுப்பிலிருந்து, மாற்றுக்கெனச் சேமித்து வைக்க வேண்டும். தனிக் கல்லைப் பெயர்த்து எடுத்து வேறு கல்லை வைக்க முடிவதே இத்தளத்தின் தலையாய சிறப்பு. வார்த்த கான்கிரீட் தளத்துக்கு இச்சிறப்பு இல்லை.

6. இரும்புக் கதவு, கைப்பிடி, குப்பைத்தொட்டி ஆகியவற்றின் அடியில் துரு இறங்காதவாறு வண்ணம் பூசிக் காக்க வேண்டும்.

கறை படியாமலிருக்கப் பூசப்படும் காப்புப் பூச்சுகள் பற்றியும் ஒரு சொல். கல்லினுள் ஊடுருவி நீரை விலக்கும் சிலேன், சிலாக்சேன் வகைகளும், மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் வகைகளும் சந்தையில் உள்ளன. உப்புப் பூத்தல் அடங்கும் முன் படலப் பூச்சு பூசினால் வெண்மை அதன் அடியில் சிறைப்பட்டு நிலைத்துவிடும். தரையில் ஈரம் மிகுந்த இடங்களில் படலம் உரிந்து, தளம் முன்னிலும் அழகற்றதாகும். பூச்சுக்கு ஆயுளும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க நிதி இல்லாத நிறுவனம் அதனைத் தொடங்காதிருப்பதே நலம். உணவு விற்கும் இடம், வாகனம் நிறுத்தும் இடம் போன்றவற்றுக்கு மட்டும் பூச்சைப் பயன்படுத்துவது சிக்கனமானது.

கறையை நீக்கும் முறைகள்

எம்முறையாயினும் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பின்னரே விரிவாகச் செய்ய வேண்டும். மென்மையானதில் தொடங்கி வன்மையானதை நோக்கிச் செல்ல வேண்டும். இவ்விரு விதிகளும் எல்லாக் கறைக்கும் பொதுவானவை.

உப்பு: உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ள வேண்டும். சிறிதளவு நீர் விட்டுத் தேய்த்தால் கரைந்த உப்பு மீண்டும் கல்லுக்குள் செல்லும். சுண்ணாம்புப் படலம் ஓராண்டு கழிந்தும் நீங்காவிடில், முதலில் கல்லை நீரால் நனைத்து, பின் நீர்த்த சிட்ரிக் அமிலத்தால் தேய்த்து, மிகுந்த நீரால் கழுவலாம். நனைந்த கல்லுக்குள் அமிலம் ஆழமாக இறங்காது என்பதே முதலில் நனைப்பதன் காரணம்.

எண்ணெய்: சிந்தியவுடன் தேய்க்கலாகாது. தேய்த்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். மரத்தூள், உலர்ந்த களிமண் தூள் ஆகியவற்றுள் ஒன்றைத் தூவி, உறிஞ்சவிட்டு அள்ள வேண்டும். பழைய கறைக்குச் சலவைச் சோடாக் கரைசலை வெந்நீரில் கலந்து தேய்க்கலாம். அதற்கும் நீங்காவிடில் பற்றுப் போட வேண்டும். முல்தானி மட்டியைச் சோப்புக் கரைசலில் குழைத்துக் கனமாக அப்பி, மேலே தாள் மூடி ஒரு நாள் விட்டு, பின்னர் திறந்து உலரவிட்டால், உலரும் மண் எண்ணெயை மேலே இழுக்கும். உடலில் வீக்கத்துக்குப் பற்றுப் போடும் முறையை அறிந்த நம் மக்களுக்கு இது புதிதன்று.

வெற்றிலைக் கறை: ஈரம் காயும் முன் கழுவுவதே சிறந்தது. காய்ந்த கறையைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிய பின், நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிச் சிறிது நேரம் விட்டு மீண்டும் கழுவ வேண்டும்.

பாசி: உலர்ந்த நிலையில் சுரண்டி நீக்கி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். குடிநீரைத் தூய்மைப்படுத்த ஊராட்சிகளில் வைத்திருக்கும் பொருளே இதற்குப் போதும். செடி கொடிகளின் மேல் படாதவாறு கவனிக்க வேண்டும். தேங்கும் நீரையும் அடர்ந்த நிழலையும் குறைக்காவிடில் பாசி அடுத்த மழைக்கே திரும்பும்.

துரு: சிட்ரிக் அமிலமோ, நீரில் பத்தில் ஒரு பங்கு கரைத்த ஆக்ஸாலிக் அமிலமோ இரும்பைக் கரைத்து எடுக்கும். ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு. உணவுப் பொருள்களின் அருகில் வைக்கலாகாது.

மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவும்போது கற்களுக்கு இடையேயுள்ள மணல் வெளியேறிவிடும். அம்மணலே கற்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துகிறது. கழுவிய பின் மணலை மீண்டும் நிரப்பாவிடில் கற்கள் ஆடத் தொடங்கும். சுத்தம் செய்யும் பணி ஆணையிலேயே மணல் நிரப்புவதையும் சேர்க்க வேண்டும்.

அமிலமும் தூய்மைப் பணியாளரும்

கடைகளில் 'ஆசிட்' என்று மட்டும் கூறி விற்கப்படுவது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதனை ஊற்றியதும் நுரை எழுந்து கறை மறைவதைக் கண்டு பலர் மகிழ்வர். கறையோடு கல்லின் மேல்தோலும் கரைந்துவிட்டது என்பதை அவர்கள் அறியார். சிமென்ட் பசை நீங்கி, மணலும் ஜல்லியும் வெளியே தெரிய, சொரசொரப்பான பரப்பில் அடுத்த கறை முன்னிலும் விரைவாகப் படியும். நிறமி பெரும்பாலும் மேலடுக்கில் மட்டுமே இருப்பதால் நிறமும் போகும். ஜல்லியிலுள்ள இரும்பை அமிலம் கரைத்து மஞ்சள் கறையை உண்டாக்குவதும் உண்டு.

அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில் 1915-ஆம் ஆண்டில் போர்க்களத்தில் ஏவப்பட்டது இவ்வாயுவே. ஒன்றால் போகாத கறைக்கு இரண்டையும் சேர்த்து ஊற்றலாம் என எண்ணும் பணியாளருக்கு இந்த ஆபத்தை எடுத்துக் கூறுவது மேற்பார்வையாளரின் கடமை. சிட்ரிக், ஆக்ஸாலிக் அமிலங்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஒரு பொருளைப் பயன்படுத்திய இடத்தை நன்கு கழுவிய பின்னரே மற்றொன்றைக் கருத வேண்டும்.

அமில விற்பனை பற்றி உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று பிறப்பித்த ஆணை, அமில வீச்சுக் கொடுமையைத் தடுக்கும் நோக்கில் எழுந்தது. வாங்குவோரின் அடையாளச் சான்றையும் காரணத்தையும் பதிந்தே விற்க வேண்டும் என்றும், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்கலாகாது என்றும் அது விதித்தது. அமிலத்தை இருப்பு வைக்கும் அரசுத் துறைகளும் கல்வி நிலையங்களும் மருத்துவமனைகளும் பயன்பாட்டுப் பதிவேடு வைத்து, அதற்குப் பொறுப்பான ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். கழிப்பறைக்கும் தளத்துக்கும் என வாங்கி அடுக்கி வைக்கும் அலுவலகங்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பொருளாதாரத்தில் ஒருவர் செயலின் செலவை மற்றொருவர் சுமப்பதைப் புறவிளைவு என்பர். நீர் உறிஞ்சும் அளவு மிகுந்த கல்லை வழங்கியவர் தம் தொகையைப் பெற்றுச் சென்றுவிடுகிறார். சரிவு கொடுக்காமல் பதித்தவரும் அவ்வாறே. மீதமுள்ள செலவைக் கையுறையும் காலணியும் முகக்கவசமும் இன்றி அமிலப் புகையைச் சுவாசிக்கும் தூய்மைப் பணியாளர் தம் நுரையீரலால் செலுத்துகிறார். எந்தக் கணக்குத் தலைப்பிலும் இது பதியப்படுவதில்லை. கறையின் மூலத்தைக் கண்டறிய வேண்டும் என வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

செலவுக் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தளத்தைப் பதிக்க ரூ.100 செலவாகிறது எனவும், தள்ளுபடி வீதம் 8 சதவீதம் எனவும் கொள்வோம். முறையாகப் பராமரித்தால் அது 20 ஆண்டுகள் பயன் தரும் என்றால், மூலதனத்தின் ஆண்டுச் சமச் செலவு ரூ.10.2 ஆகும். ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ரூ.3 செலவிட்டாலும் மொத்தம் ரூ.13.2 தான். பராமரிப்பே இன்றி விட்டு, இடையில் அமிலத்தால் சிதைத்து, 8 ஆண்டுகளில் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க நேர்ந்தால், ஆண்டுச் சமச் செலவு ரூ.17.4 ஆகிறது. பராமரிப்புக்கு ஒரு காசும் செலவிடாத நிறுவனமே மிகுதியாகச் செலவிடுகிறது என்பது இதனால் விளங்கும். மாணவர்கள் தம் ஊரின் விலைப்பட்டியலையும் வேறு தள்ளுபடி வீதங்களையும் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறை வேறாக இருப்பது ஏன்? புதிதாகப் பதிப்பது மூலதனச் செலவு. அதற்குத் திட்ட நிதியும் மானியமும் கிடைக்கின்றன. கழுவுவதும் மணல் நிரப்புவதும் வருவாய்ச் செலவு. அதனை உள்ளாட்சி அமைப்பு தன் வரி வருவாயிலிருந்து காண வேண்டும். பழுதானால் புதிய மானியம் வரும் என்னும் எதிர்பார்ப்பு, பழுதாக விடுவதையே ஊக்குவிக்கிறது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் 29-ஆவது இனமாக இருப்பது சமுதாயச் சொத்துகளின் பராமரிப்பு. பட்டியலின் கடைசியில் உள்ள அவ்வினம் நிதி ஒதுக்கீட்டிலும் கடைசியாகிவிடக் கூடாது.

செய்ய வேண்டுவன

தளப் பணிக்கான ஒவ்வொரு மதிப்பீட்டிலும் பராமரிப்புக்கான ஏற்பாடு குறிக்கப்பட வேண்டும். சொத்துப் பதிவேட்டில் தளத்தின் பரப்பு, பதித்த ஆண்டு, கல்லின் தரம், சோதனை முடிவு, மாற்றுக் கற்கள் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். ஒப்பந்தக்காரரின் குறைதீர் பொறுப்புக் காலம் முடியும் முன் ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட பருவமும் கழிந்த நிலையில் தளத்தைப் பார்வையிட வேண்டும். உள்ளிருந்தும் கீழிருந்தும் வரும் கறைகள் அதற்குள் வெளிப்பட்டுவிடும். அவற்றைச் சீர்செய்யும் செலவு உரியவரிடமே சேர வேண்டும். துப்புவோருக்கு அபராதம் விதிப்பதோடு, துப்புவதற்குக் கலன்களும் கழுவுவதற்கு நீரும் பேருந்து நிலையங்களில் இருத்தல் வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குக் காப்புக் கருவிகளையும், எந்தக் கறைக்கு எந்தப் பொருள் என்னும் அரை நாள் பயிற்சியையும் அளிக்க வேண்டும். எப்பொருளை எதனோடு சேர்க்கலாகாது என்பது அப்பயிற்சியின் முதற்பாடமாக அமைதல் நன்று.

புதிய சொத்துகளை உருவாக்குவதில் நாம் காட்டும் ஊக்கம் உருவாக்கியவற்றைக் காப்பதிலும் வெளிப்பட வேண்டும். கறையைக் கண்டதும் அமிலப் புட்டியைத் தேடாமல், அது எங்கிருந்து வந்தது, அதற்கு யார் பொறுப்பு, எந்தக் கட்டத்தில் தடுத்திருக்கலாம் என வினவும் பழக்கம் அலுவலகங்களில் வேரூன்றினால், தளமும் நிலைக்கும். அதனைத் துப்புரவு செய்யும் கைகளும் நலமாக இருக்கும்.